எல்லாவற்றிலும் இரண்டு கேட்டவர்

குன்னூரில் நான் ஸ்டோர் பொறுப்பில் இருந்த காலத்தில் எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. உப்பைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். பாவம், உப்பு என்ன செய்யும்? காரணம் மாடியில், கிழக்கு ஓரத்து அறையில், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எங்களுடையது செடிகளை ஆராயும் ஒரு சின்ன நிலையம். பழைய பங்களா, பின்னால் ஒரு கண்ணாடிக் கூடம், சுற்றிலும் தேயிலை. அங்கே அவர் விஞ்ஞானி. நாங்கள் மேடம் என்போம். கடைத்தெருவில் டாக்டரம்மா. அந்தப் பெயரை நம்பி, முட்டிவலி என்று வந்து நின்ற எஸ்டேட் பெண்களைக்கூட அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. உட்காரவைத்து, முழுக்கதையும் கேட்டு, "எனக்குச் செடிக்குத்தானுங்க பாக்கத் தெரியும், நீங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று பஸ் எங்கே நிற்கும் என்பதுவரை சொல்லி அனுப்புவார்.

அவருக்கு ஒரு பொருள் தேவையென்றால் என்னிடம் எழுதிக் கேட்க வேண்டும். எதைக் கேட்டாலும் இரண்டு கேட்பார். இரண்டு தராசு. இரண்டு குளிர்பெட்டி. பூவாளி இரண்டு. ஒருமுறை அறைக்குச் சுவர்க்கடிகாரம் கேட்டிருந்தார். அதிலும் இரண்டு.

"ஏனுங்க மேடம், ஒரு ரூமுக்கு எதுக்குங்க ரெண்டு கடிகாரம்? ரெண்டும் வேற வேற மணி காட்டுனா எது சரின்னு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தானுங்க ஸ்டோர் சார். ஒண்ணே ஒண்ணு இருந்தா, அது தப்பா ஓடுதுன்னே தெரியாது. ரெண்டு இருந்தாத்தானே சந்தேகம் வரும்?"

சந்தேகம் வருவதற்காகச் சாமான் வாங்கியவர் என் உத்தியோக காலத்திலேயே அவர் ஒருவர்தான். என்னை ஸ்டோர் சார் என்றே கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஒரு தடவை பொறுக்கமுடியாமல், ‘ஏன் இரண்டு?’ என்று கேள்வி எழுதி அவர் கேட்ட குளிர்பெட்டியை நிறுத்திவைத்தேன். அன்று மத்தியானம் மழைக்கு நடுவே அவரே ஸ்டோருக்கு இறங்கி வந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றை என் முன்னால் வைத்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"செடிக்குள்ள ஹார்மோன் இருக்குதுங்க. வளரு, நில்லு, வேர் விடு, இலையை உதிருன்னு உள்ளுக்குள்ள போற சேதி. சேதி போனாப் போதுமா? அதை வாங்கிக்க ஆள் வேணுமில்ல? அந்த ஆளுக்குப் பேருதான் ஏற்பி. நான் பாக்கறது அந்த ஆளைத்தான்."

"காதுங்களா மேடம்?"

"காதுன்னே வெச்சுக்கங்க. ஆனா பாக்கறதுக்கு மூடி போட்ட டப்பா மாதிரி இருக்கும். ஹார்மோன் உள்ள வந்து உக்காந்ததும் மூடி படக்குனு சாத்திக்கும்."

"சத்தம் கேக்குமுங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க." டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஆதியில செடிகளுக்கு இந்த டப்பா ரொம்பக் கொஞ்சம். அப்புறம் எப்படிப் பெருகுச்சு? செடி தன்னோட மரபைப் படியெடுக்கறப்ப, சில சமயம் ஒரே வரியை ரெண்டு தடவை எழுதிப்போடும். தப்புதான். ஆனா ஒரு படி பழைய வேலையைப் பாத்துக்கும். இன்னொரு படிக்கு வேலையில்ல, சும்மா கெடக்கும். சும்மா கெடக்கறதுதான் அங்க இங்க கொஞ்சம் மாறும். முக்கால்வாசி மாறிக் கெட்டுப்போயிரும். எப்பவாச்சும் ஒண்ணு, புதுசா வேற சேதியைக் கேக்க ஆரம்பிச்சுரும். இருக்கறதே ஒண்ணுன்னா அது மாறத் துணியுமா? மாறினா செடி செத்துப்போயிரும்."

"அப்ப இந்த ரெண்டாவது குளிர்பெட்டி?"

"சும்மா கெடக்கட்டுமுங்க. என்னவா மாறுதுன்னு பாப்போம்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த டீ அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது குளிர்பெட்டியும் சும்மா கிடக்கவில்லை. ஒரே மாதத்தில் நிலையத்துப் பால் பாக்கெட்டுகள், காவலாளியின் தயிர், கடைசியாக என் வீட்டு இட்லி மாவு என்று அதற்குப் புதுப்புது வேலைகள் முளைத்தன. பிறகொரு நாள் முதல் பெட்டி உயிரைவிட்டது. அன்று என் மாவு வெளியே வந்தது, அவர் ஆராய்ச்சிக்கு வளர்த்த பாசிகள் உள்ளே போயின. மாவுப் பாத்திரத்தை என்னிடம் நீட்டியபோது லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

உபயோகமற்ற சாமான்களை வருடத்துக்கு ஒருமுறை கழித்துவிட வேண்டும். அலுவலக மொழியில் ‘கண்டம் பண்ணுவது’. எனக்கு அது திருவிழா மாதிரி. அவருக்கு அது துக்க நாள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் மேசை இழுப்பறையைப் பூட்டிவிடுவார். ஒரு வருடம் பூட்டுவதற்கு முன்பே நுழைந்துவிட்டேன். உள்ளே ஒரு பழைய கத்தரிக்கோல். முனை மழுங்கி, காகிதத்தைக்கூட வெட்டாது.

"இதையாவது கொடுங்க மேடம்."

"இதுல எதுவும் வெட்ட முடியாதுங்க. ஆனா பிடிக்கலாம்." கத்தரியின் இரு அலகுக்கும் நடுவே ஒரு பெரணி இலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இலை கிழியவில்லை. "செடியை உயரமா வளரச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு இருக்குதுங்க. அதோட ஏற்பி எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? எதையெதையோ வெட்டிட்டிருந்த ஒரு நொதிக் குடும்பத்துல இருந்து. ஒண்ணுக்கு மட்டும் அலகு மழுங்கிப்போச்சு. வெட்ட முடியல, பிடிச்சுக்க மட்டும் முடிஞ்சுது. பிடிச்சுக்கறதையே வேலையா வெச்சுக்கிச்சு. நான் வளக்கற பாசிக்கு அது கெடையாது. பெரணிக்கு உண்டு. அன்னிக்கு யாராச்சும் அதைக் கண்டம் பண்ணியிருந்தா?"

"நான் அன்னிக்கு டியூட்டில இல்லைங்க மேடம்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கேட்டது குறைவு. அன்று கேட்டேன். கத்தரிக்கோலும் தப்பித்தது.

சுவர்க்கதையைச் சொன்னால் இன்றும் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று நிலையம் முழுக்க வெள்ளையடிக்க இயக்குநர் உத்தரவு போட்டார். பின்பக்கத்துச் சுவரில் வருடக்கணக்காக ஈரம் ஊறி, தட்டைத் தட்டையாகப் பச்சைச் செதில்போல ஒரு செடி ஒட்டிக்கிடந்தது. அவர் அதை ஈரல்பாசி என்பார். பூ இல்லை, விதை இல்லை, வேர் என்று சொல்லும்படி வேரும் இல்லை. செடிகள் தண்ணீரைவிட்டுத் தரைக்கு வந்த காலத்துச் சாயல் அதில் மிச்சமிருக்கிறதாம். வெள்ளையடிப்பவர் தூரிகையோடு வந்தபோது, மேடம் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"மேடம், கொஞ்சம் தள்ளுங்க."

"தள்ள மாட்டேனுங்க. இதுக எத்தனையோ கோடி வருசமா இருக்கிற சாதி. உங்க ஆபீசர் அரை மணி நேரந்தானே இருப்பாரு?"

பேச்சுவார்த்தை நடந்தது. இடது பாதி வெள்ளை, வலது பாதி பச்சை என்று முடிவானது. வந்த அதிகாரி அந்தச் சுவர் முன்னால் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். இயக்குநர் கண்ணைச் சிமிட்டாமல், "ஆராய்ச்சி சார்" என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

அதைவிடப் பெரிய ரகளை புகையால் வந்தது. காட்டுத்தீ அணைந்து மழை பெய்ததும் புல்வெளியில் விதைகள் கூட்டமாக முளைக்கும். புகையில் இருக்கிற ஏதோ ஒன்றை விதைக்குள்ளிருக்கும் ஒரு ஏற்பி உணர்ந்துகொள்வதுதான் அதற்குக் காரணம் என்றார். அதைச் சோதிக்க எண்ணெய் டின்னில் காய்ந்த புல்லைக் கொளுத்தி, குழாய் வழியாகப் புகையைத் தண்ணீரில் குமிழவிட்டார். டின்னும் இரண்டு. அன்று காற்று கீழ்நோக்கி அடித்தது. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு, வாளியும் குடமுமாக ஏறி ஓடிவந்தார்கள். மேடம் கரி படிந்த மூக்கோடு புகைக்குள்ளிருந்து வெளிப்பட்டு, "ஒண்ணுமில்லீங்க, விதைக்கு மருந்து காய்ச்சறேன்" என்றார்.

"டாக்டரம்மா, எங்க முட்டிக்கும் கொஞ்சம் காய்ச்சுங்க" என்றாள் ஒருத்தி. இருமலுக்கு நடுவே அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

புகைத்தண்ணீரில் ஊறிய விதைகள் முளைத்தன. வெறும் தண்ணீரில் ஊறியவை உறங்கிக் கிடந்தன. அவர் அதற்காகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பாசித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே டப்பாவோட மூதாதை இதுக்கும் இருக்குதுங்க ஸ்டோர் சார். ஆனா புகையைக் கண்டு இது முளைக்கப்போறதில்ல, இதுக்கு விதையே கெடையாது. அதோட ஒரு படி மாறி, பெரிய செடிகள்ல கிளை விடாதேன்னு சொல்ற ஹார்மோனைக் கேக்குது. இன்னும் சில படி மாறி, சோளக்காட்டுல இருக்கற சுடுமல்லிங்கற களைகிட்டப் போய், சோளத்தோட வேர் எங்க இருக்குதுன்னு ஒட்டுக்கேக்குது. ஒட்டுக்கேட்டு முளைச்சு, அந்த வேரையே உறிஞ்சுது. சரி, முதமுதல்ல இது எதைக் கேக்கறதுக்கு வந்துச்சு? இந்தப் பாசி இன்னிக்கும் எதையோ கேட்டுட்டுத்தான் இருக்குது. எதைன்னு யாருக்கும் தெரியாது."

"நீங்க கண்டுபிடிச்சிருவீங்க மேடம்."

"மாட்டேனுங்க" என்றார், மழை வரும் என்று சொல்வதுபோல. அப்படியே ஆயிற்று. அவர் ஓய்வுபெற்றபோது அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. விடைபெறும் கூட்டத்தில் அதைத்தான் சாதனையாகச் சொன்னார். "எதைக் கேக்குதுன்னு தெரியாதுன்னு இப்ப ரொம்ப உறுதியாத் தெரியுதுங்க." கைதட்டுவதா வேண்டாமா என்று எங்களுக்குப் புரியவில்லை.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரை ஒரு வேடிக்கை மனுஷி என்று நினைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், செல்லையாவின் பீன்ஸ் வரும்வரை.

ஊட்டி மார்க்கெட் பக்கம் மேடத்தின் அண்ணனுக்கு ஒரு கடை உண்டு. விதை, உரம், பூச்சிமருந்து. அவர்களுடைய அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, ஆரம்பித்த கடை. அத்தா காலமானபோது மேடம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவரை வளர்த்துப் படிக்கவைத்தது அண்ணன்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். மருந்து வாங்குகிறவர்களுக்கு, முதுகில் மாட்டி அடிக்கிற டேங்கையும் பாயே வாடகைக்குக் கொடுப்பார். ‘தங்கச்சி விஞ்ஞானி’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது அவருக்கு ஒரு பழக்கம்.

தொட்டி வாங்குவதற்காக நானும் மேடமும் ஜீப்பில் ஊட்டி போயிருந்தோம். கடையில் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் சாக்குப்பையோடு வந்தார். செல்லையா. சின்ன வயதில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்தவர், ஆயுள் முழுக்கத் தோட்டக்கூலி. எமரால்டு கிராமத்துப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தனக்கென்று மண்வெட்டி பிடித்தது அந்த வருடம்தான். சாக்கைத் தரையில் கவிழ்த்தார். வேரோடு பிடுங்கிய பீன்ஸ் செடிகள். தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு, இலைகள் சுருண்டு கிண்ணம்போலக் குவிந்திருந்தன. பூ விட்ட செடிகள்.

"காடு முழுக்க இப்படித்தான் பாய். என்னா ஏதுன்னு விளங்கல."

பாய் ஒரு செடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வைரசுங்க. இந்த வருசம் எல்லாப் பக்கமும் இருக்குது."

"நெலத்துக்காரர் நான்தான் கெடுத்துட்டேங்கிறாரு. வெள்ளாமை தெரியாதவனுக்குக் குடுத்தது தப்பாப் போச்சு, வர்ற மாசம் காலி பண்ணுங்கிறாரு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். என்னா தப்பு செஞ்சேன்னு தெரியல. ஆனா ஏதோ செஞ்சிருக்கேன், இல்லாட்டி இப்படி ஆகுமா?"

மேடம் குனிந்து ஒரு தண்டைத் தடவினார். முறுக்கின்மேல் விரல் மெதுவாகச் சுற்றி வந்தது. அவர் முகத்தில் இருந்த வழக்கமான குறும்பு எங்கோ போய்விட்டது.

"கடைசியா என்னங்க அடிச்சீங்க?"

"பூஞ்சை மருந்தும்மா. பாய் குடுத்த மருந்து, பாய் குடுத்த டேங்கு."

"அண்ணே, அந்த டேங்க் அதுக்கு முன்னாடி யாருகிட்டப் போச்சு?"

பாய் யோசித்தார். "ஏதோ லாட்ஜுக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. புல்தரையில களைக்கு அடிக்கோணும்னாங்க. ஏம்மா?"

"கழுவினீங்களா?"

"கழுவாமக் குடுப்பனா?"

"எதுல?"

"தண்ணியிலதான். பின்ன பன்னீர்லயா கழுவுவாங்க?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "டேங்கை நான் எடுத்துட்டுப் போறேண்ணே" என்றார். "தாராளமா எடுத்துட்டுப் போ" என்று பாயே அதை ஜீப்பில் தூக்கி வைத்தார்.

கண்ணாடிக் கூடத்தில் இரண்டு வரிசை பீன்ஸ் நாற்று வைத்தார். டேங்கையும் அதன் ரப்பர் குழாயையும் அலசிய தண்ணீரை ஒரு வரிசைக்கு அடித்தார். வெறும் தண்ணீரை இன்னொன்றுக்கு. அந்த இரண்டை மட்டும் நான் கேள்வி கேட்கவில்லை. அதன்பிறகு அவர் மாடிக்கும் போகவில்லை, பாசியையும் பார்க்கவில்லை. கூடத்துக்குள்ளேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

மறுநாளுக்கு மறுநாள் காலையில் நான் போனபோது ஒரு வரிசை நிமிர்ந்து நின்றது. மற்றது தலையைச் சாய்த்து, தண்டு முறுக்கிக்கொண்டு, செல்லையாவின் சாக்கிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. மேடம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேற மாதிரி வரும்னு நெனச்சேனுங்க ஸ்டோர் சார். நெனச்சேன்னு இல்ல. வரட்டும்னு இருந்தேன்."

"பாய்கிட்டத் தனியாச் சொல்லிருங்க மேடம். அவரே பாத்துக்குவாரு."

மேடமோ செல்லையாவையும் அவருடைய நிலத்துக்காரரையும் கடைக்கு வரும்படி சொல்லி அனுப்பினார். சந்தை நாள். கடை நிறைய ஆட்கள். நாற்றுத் தட்டுகள் இரண்டையும் கல்லாவுக்கு முன்னால் நான்தான் தூக்கி வைத்தேன். அந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இது வைரஸ் இல்லீங்க. களைமருந்து" என்றார். குரல் உயரவில்லை. "செடி வளர்றதுக்குத் தனக்குள்ள ஒரு ஹார்மோன் வெச்சிருக்குது. வேணுங்கறப்ப அனுப்பும், போதும்னா நிறுத்திரும். இந்த மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே வேசம் போட்டுட்டு உள்ள போய் உக்காந்துக்கும். ஏற்பிக்கு வித்தியாசம் தெரியாது. வளரு, வளரு, வளருன்னு ஓயாமச் சொல்லும். நிறுத்தறதுக்குச் செடிக்கு வழி தெரியாது. தாறுமாறா வளந்து, முறுக்கிட்டுச் செத்துப்போயிரும். டேங்கோட ரப்பர்ல ஒட்டியிருந்த மிச்சமே போதும். பீன்ஸ் அதைத் தாங்காது."

பாயின் முகம் சிவந்துவிட்டது. "லாட்ஜ் புல்லு ஜம்முனு இருக்குது. நானே பாத்தேன். அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியா?"

"புல்லுக்கும் ஏற்பி இருக்குதுண்ணே. ஆனா அது இந்த மருந்தைச் சீக்கிரமாச் செரிச்சுத் தள்ளிரும். பீன்ஸுக்கு அந்தச் சமத்து இல்ல." பிறகு நிலத்துக்காரர் பக்கம் திரும்பினார். "செல்லையா மேல தப்பில்லீங்க. உங்க மண்ணுலயும் தப்பில்ல. டேங்கை இன்னும் நல்லாக் கழுவியிருக்கோணும். சோப்புப் போட்டு, குழாயை ஊறவெச்சு. அது எங்க கடையில நடந்த தப்பு."

எங்க கடை என்றுதான் சொன்னார். அது பாயின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"இதை என் கடை வாசல்ல வந்து சொல்றதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சனா?" என்றார் பாய்.

மேடம் தட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் லவ்டேலைத் தாண்டியது. பிறகு, "தட்டைச் சாய்க்காமப் பிடிங்க ஸ்டோர் சார், மண்ணு கொட்டுது" என்றார். மண் கொட்டவில்லை. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

நிலத்துக்காரர் செல்லையாவைக் காலி செய்யச் சொல்வதை நிறுத்தினார். பாய் புது விதையும் உரமும் தன் வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். தான் போகவில்லை. கடையில் இன்னொரு டேங்க் வாங்கி, களைமருந்துக்கென்றே அதைச் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனியாகத் தொங்கவிட்டார். ஆக, அவரும் இரண்டு வாங்கினார். தங்கையோடு மட்டும் பேசவில்லை. மேடம் வாராவாரம் கடைக்குப் போவதை நிறுத்தவுமில்லை. போய், வரிசையில் நின்று, தேவையே இல்லாத முள்ளங்கி விதையைக் கேட்பார். "டாக்டரம்மாவுக்கு எத்தனை பாக்கெட்டுங்க?" என்பார் பாய், வேற்று ஆளிடம் பேசுவதுபோல. "ரெண்டுங்க" என்பார் இவர். எங்கள் நிலையத்தில் அந்த வருடம் காவலாளியின் மாடுகூட முள்ளங்கிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மழைக்காலம் முடியும் சமயம் ஒருநாள் பாய் எங்கள் நிலையத்துக்கு வந்தார். அதற்குமுன் அவர் வந்ததே இல்லை. நேரே மாடிக்குப் போகாமல் ஸ்டோர் வாசலில் நின்று, தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். அலமாரி அலமாரியாக அவர் தங்கை கேட்டு வாங்கிய ஜோடிகள்.

"எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்குதுங்களே சார்?"

"உங்க தங்கச்சி வேலைங்க. மரபு ரெண்டாப் படியெடுக்குதாம், அதான் காரணமாம்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் உங்ககிட்டச் சொல்றதுங்க. எங்க ஊட்டுல ஏழு பேருக்கு ஒரே குடை. கடைக்குட்டி அது. அதுக்குக் குடை வர்றதுக்குள்ள மழை நின்னுரும். நனைஞ்சு நனைஞ்சே பள்ளிக்கூடம் போச்சு. அன்னிக்கே சொல்லும், நான் பெருசானா எல்லாத்துலயும் ரெண்டு வாங்குவேன்னு."

சத்தம் கேட்டு மேடம் இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். பாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றதால் போகமுடியவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? நான் கேட்டிருக்க மாட்டனா?"

"கேட்டிருப்பீங்கண்ணே. ரெண்டு மூட்டை உரத்தை அதிகமாக் குடுத்து அனுப்பிருப்பீங்க. ஆனா செல்லையா சாகறவரைக்கும் தான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சுட்டிருந்திருப்பாரு. அவருக்கு யாருண்ணே சொல்றது?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நானே போய்ச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

"இப்பவும் போலாமுங்கண்ணே."

பாயின் வேனில் மூன்று பேரும் போனோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார்கள் என்று கேட்காதீர்கள். அண்ணனும் தங்கையும் இத்தனை மாதம் கழித்துப் பேசும்போது நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் தேவலை என்று இருவருக்கும் தோன்றியிருக்கலாம். வழிநெடுக அவர்கள் பேசிக்கொண்டது என் ரத்த அழுத்தத்தைப் பற்றித்தான்.

எமரால்டில் சரிவு முழுக்கப் பீன்ஸ் நிமிர்ந்து நின்றது. மழை ஈரத்தில் இலையெல்லாம் மின்னியது. பாய் பாலிஷ் போட்ட செருப்போடு சேற்றில் இறங்கி, வரப்பில் தடுமாறி, பாதி தூரத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டார். அதை எடுக்கத் திரும்பவில்லை. செல்லையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவர்கள் வருவதையே பார்த்து நின்றார்.

"செல்லையா" என்றார் பாய், மூச்சு வாங்க. "நான் டேங்கைச் சரியாக் கழுவல. நீங்க வந்து கேட்டப்ப வைரஸ்னும் சொன்னேன். அது தப்பு. நேர்ல வந்து சொல்லோணும்னு..."

செல்லையா ஒரு கணம் மேடத்தைப் பார்த்தார், பிறகு சேறு அப்பிய பாயின் வெறுங்காலைப் பார்த்தார். தன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, அங்கிருந்த ஒரு கல்லின்மேல் விரித்தார்.

"உக்காருங்க பாய். டீ போடச் சொல்றேன்" என்றார். பிறகு வேன் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார். "டேங்கு கீங்கு ஏதும் கொண்டாந்திருந்தீங்கன்னா, அது மட்டும் வண்டியிலயே இருக்கட்டும்."